சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பொத்தான்

அன்புள்ள சிஹாருவுக்கு, அக்கிதாலேருந்து உன் மசுமி அத்தை எழுதிக்கிறது. இங்க ஜன்னல் வரைக்கும் பனி ஏறிடுச்சு. தோக்கியோவுல உனக்குச் சளி பிடிக்காம, படம் வரையிற விரல் நோவாம புத்தர் காப்பாத்தட்டும்.

நீ வரையிற அனிமே கார்ட்டூனப் பாக்க ஆளில்ல, மார்ச்சோட நிறுத்திருவாங்கன்னு நீ சோறு தண்ணி இல்லாம அழுவுறதா உங்கம்மா சொன்னா. அழாதடி. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லித்தான் வச்சுட்டுப் போனாங்க, அதனால உன்கிட்ட மட்டும் சொல்றேன்: நம்ம வீட்டு டிவியில ஒரு கம்பெனிக்காரங்க பெட்டி மாட்டியிருக்காங்க. யாரு எதைப் பாக்குறாங்கன்னு வீடு வீடா கேக்க முடியாதில்ல, அங்கொண்ணு இங்கொண்ணு பெட்டி வச்சுக் கணக்கெடுத்துதான் எந்தக் கதை ஓடணும், எது நிக்கணும்னு முடிவு பண்றாங்களாம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், அந்தச் சோறு நான். வீட்டுல ஆளுக்கொரு பொத்தான், பாக்குறவங்க அவங்கவங்க பொத்தான அமுக்கணும். எத்தனை பேருன்னு கேட்டாங்க. நானும் அவரும்னு சொல்லி ரெண்டு பொத்தான் வாங்கிட்டேன்.

மிருகம் வர்ற கதை, சனிக்கிழமை சாயங்காலம்னு உங்கம்மா சொன்னதுலேருந்து தப்பாம ரெண்டையும் அமுக்குறேன். அந்த நரிக்குட்டி அம்மாவத் தேடிப் பனியில நடந்தப்ப தேம்பித் தேம்பி அழுதேன். கடைசில பேரெல்லாம் என்னா வேகமா ஓடுது! உன் பேரு எதுன்னு தெரியாம எல்லாப் பேருக்கும் கும்பிடு போட்டுடுவேன்.

போன வாரம் கம்பெனிலேருந்து நித்தான்னு ஒரு தம்பி வந்தாரு. "அம்மா, உங்க வீட்டுக்காரர் செய்தி பாக்கல, பேஸ்பால் பாக்கல, இந்த ஒரு அனிமே மட்டும் பாக்குறாரு. அறுபத்தோரு வயசு ஆம்பளைக்கு இது அதிசயமா இருக்கு. அவரைப் பாக்கலாமா?"

"உள்ளதான் இருக்காரு, வாங்க"ன்னு கூட்டிட்டுப் போயி சாமி மாடத்துல இருக்குற உங்க மாமா போட்டோவக் காட்டினேன். பாவம், ஆடிப்போயிட்டாரு. அப்புறம் மண்டி போட்டு, மணிய அடிச்சுக் கும்பிட்டுட்டு, "அம்மா, இவர் இல்லையே"ன்னாரு.

"இல்லாம என்ன? தெனம் மொத சோறு அவருக்குத்தான் வைக்கிறேன். சோறு திங்கிறவரு டிவி பாக்கமாட்டாரா?"

"பாப்பாரும்மா. ஆனா எங்க கணக்குல மூச்சு விடுறவங்கதான் வரணும்"னு மூக்க உறிஞ்சிக்கிட்டே அந்தப் பொத்தான எடுத்துட்டாரு. புகை போட்ட முள்ளங்கி ஊறுகாயக் குடுத்துக் கெஞ்சிப் பாத்தேன். ஊறுகாயத் தின்னாரு, பொத்தானத் தரல.

இப்ப எனக்குன்னு ஒண்ணுதான்டி. அமுக்கிக்கிட்டேதான் இருப்பேன். மாமாவும் பக்கத்துல சும்மா உக்காந்து பாக்குறாரு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் பென்சிலுக்கும் உன் வயித்துக்கும் எந்தக் குறையும் வராம இருக்கணும்.

உன் மசுமி அத்தை

பி.கு: கவர ஒட்டுற நேரத்துல உங்கம்மா போன் பண்ணினா. உன்னுது நரி இல்லையாமே, கடல் ஆமையாமே! எங்க ஊரு சானல்ல அது வர்றதே இல்லையாம், அந்த நேரத்துல இங்க வேற எவனோட கதையோ ஓடுதாம். பரவால்ல, நரிய வரைஞ்சதும் யாரோ பெத்த புள்ளதான். எங்கயோ ஒரு ஊர்ல எவளோ ஒரு அத்தை, தன் மருமக வரைஞ்சதுன்னு நெனச்சு உன் ஆமைக்குப் பொத்தான் அமுக்கிட்டிருப்பா. அவ பொத்தான யாரும் புடுங்கிடக்கூடாதுன்னு இப்பத்தான் ஊதுவத்தி ஏத்திட்டு வந்தேன்.