விசா வரிசைக்கு ஒரு வாத்தியார்

எந்த ஊரில் எந்தத் தூதரக வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள், வரிசையில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ ஓர் ஆள் இருப்பார். முன்னால் நிற்பவரின் ஃபைலைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். பின்னால் நிற்பவரிடம், "போட்டோ எப்ப எடுத்தது?" என்பார். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். மழை விட்டதும் ஈசல் கிளம்புகிற மாதிரி, நாலு பேர் வரிசையாக நின்றாலே இவர் கிளம்பிவிடுவார். இந்த இனத்துக்கு விசா வாத்தியார் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், இந்த இனம் கொழுத்து வளர்வது மீகாங் ஆற்றங்கரையில்தான். தாய்லாந்துப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களில் பலர், ஒப்பந்தமும் விசாவும் முடிகிற சமயத்தில் வேன் பிடித்து, ஆற்றுப்பாலம் தாண்டி, லாவோஸில் சவன்னகெத் என்கிற ஊருக்குப் போய், அங்கே இருக்கிற தாய்லாந்துத் தூதரக அலுவலகத்தில் நின்று, "நாங்கள் மறுபடியும் உள்ளே வரலாமா?" என்று கேட்டு வாங்கிவருவார்கள். இருக்கிற வீட்டுக்குள் நுழைய எதிர்வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்கிற கதை. இப்போது என்னென்னவோ கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. நான் சொல்வது, காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன காலம்.

அப்படி ஒரு வேனில் முதல் தடவையாக ஏறியவள் ரோவெனா. பிலிப்பைன்ஸில் இலோயிலோ ஊர்க்காரி. நொந்தபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டீச்சர். மகளை ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை பள்ளி திறப்பு. "விசாவோடு வந்தால் வகுப்பு உங்களுக்கு, வராவிட்டால் வேறு ஒருவர் தயாராக இருக்கிறார்" என்று தலைமையாசிரியை புன்னகை மாறாமல் சொல்லி அனுப்பியிருந்தார். தாய்லாந்தில் புன்னகையோடு சொன்னால் சொன்னதுதான். வியாழன் காலை மனுக் கொடுத்தால் வெள்ளி மதியம் விசா கைக்கு வரும். வியாழன் தவறினால் விசா திங்கட்கிழமைதான், வேலை போயே போச்சு. அந்தப் பயத்தில் அவளுக்கு வேனில் கண்ணே மூடவில்லை.

பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார் நம் வாத்தியார். பெயர் எல்பிடியோ, வேன் முழுக்க அவருக்குப் பித்யோங் அண்ணன். அவரும் பிலிப்பைன்ஸ்தான், பங்கசினான் பக்கம். அயுத்தயாவில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். பன்னிரண்டு பை வைத்த ஒரு கைவைக்காத சட்டை. ஒரு பையில் ஸ்டேப்ளர், ஒரு பையில் பசை, ஒரு பையில் கத்தரிக்கோல், ஒரு பையில் நீல மைப் பேனா ஒரு டஜன், நெஞ்சுக்கு நேரான பையில் ஆகாத காரியங்களை ஆக்கிக்கொடுக்கிற புனித யூதா ததேயுவின் படம், அதற்கும் மேலே, எடுத்தால் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ்போர்ட்.

"பதினோராவது தடவை" என்றார். யாரும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டை ஆல்பம் மாதிரி விரித்து ரோவெனாவின் மடியில் வைத்தார். பக்கத்துக்கு ஒரு முத்திரை. ஒன்றோடு ஒன்று உரசாமல், நட்டநடுவில்.

"எப்படி இருக்கு? ராஜா வீட்டுச் சுவர் மாதிரி இல்ல? ஓரத்துல ஒண்ணு, மூலையில ஒண்ணுன்னு குத்தினா அது பாஸ்போர்ட்டாம்மா? பஸ் டிக்கெட்டு! உள்ள இருக்கிற ஆபீசர் புரட்டும்போது அவனுக்கே ஒரு மரியாதை வரணும்."

"அதுக்கு என்னண்ணே பண்ணணும்?" என்று கேட்டாள் ரோவெனா. கேட்டிருக்கக் கூடாது. விசா வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்பது, தெருநாய்க்கு ஒரு பிஸ்கட் போடுவது போல. அப்புறம் ஊர் எல்லை வரை கூடவே வரும்.

பாலத்தில் செய்தே காட்டினார். லாவோஸ் பக்கத்துச் சாவடியில் இருந்த ஆள் தூக்கக் கலக்கத்தோடு பழைய முத்திரை ஒன்றின் ஓரத்தில் குத்தப் போனார். பித்யோங் அண்ணன் கண்ணாடி இடுக்கில் கையை விட்டு, பாஸ்போர்ட்டை இழுத்து, முன்னும் பின்னுமாகப் புரட்டி, ஒரு வெள்ளைப் பக்கத்தைத் தேடிப்பிடித்து விரலால் தட்டி, "இங்க, இங்க" என்றார். அந்த ஆள் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நட்டநடுவில் ஓங்கிக் குத்தினார். ரோவெனாவுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அவளுடையது மூலையில் கோணலாக விழுந்தது.

"ச்சே! கெடுத்துட்டானே பாவி" என்று அண்ணன் அவளுக்காக வருத்தப்பட்டார்.

தூதரக வாசலில் எட்டு மணிக்கே நாற்பது பேர். விசா வாத்தியாருக்கு இதுதான் வகுப்பறை. முதலில் சாப்பாடு. டப்பாவைத் திறந்து, பூண்டுச் சோறும் வறுத்த கருவாடுமாக, "வாங்க, சாப்பிடுவோம்!" என்று அறிந்தவர் அறியாதவர் எல்லாரையும் அழைத்தார். அதைக் குறை சொல்லக்கூடாது. பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரே ஒரு வாழைப்பழத்தைக்கூட எதிரில் இருப்பவரைக் கூப்பிடாமல் தின்ன மாட்டார்கள். கையைத் துடைத்தும் துடைக்காமலும் அடுத்து ஃபைல் பரிசோதனை. கூடவே உபதேசம். ஒன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் போகாதே, அந்த ஆள் சிடுமூஞ்சி. சிரிக்காதே, சந்தேகப்படுவார்கள். சிரிக்காமலும் இருக்காதே, இன்னும் சந்தேகப்படுவார்கள். கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன் 2007-இல் அழுதுகொண்டே திரும்பிப் போனான். 2007-இல் அழுத ஆள் ஒவ்வொரு வாத்தியாரிடமும் ஒருவன் உண்டு. அவன் இல்லாவிட்டால் உபதேசத்துக்கு ருசி ஏது?

ஊரோடு சேர்ந்து பல்லைக் காட்டாமல் நின்றவன் கிறிஸ்பின் ஒருவன்தான். செபுக்காரன், உடற்பயிற்சி ஆசிரியர், வாய்த்துடுக்கு.

"அண்ணே, எல்லாருத்தையும் பாத்துட்டீங்க. உங்களுத யாருண்ணே பாக்கறது?"

"ஏன்டா, மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வந்தியா? போடா" என்றார் அண்ணன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணனின் பரிசோதனையில் ரோவெனாவின் முறை வந்தது. ஒவ்வொரு காகிதமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஆசிரியர் மன்றம் கொடுத்த அனுமதிக் கடிதம். லைசென்ஸ் வருகிற வரைக்கும் இவர் பாடம் நடத்தலாம் என்று ஒரு பக்கம்.

"இத யாரு வைக்கச் சொன்னது?"

"ஸ்கூல் ஆபீஸ்லதாண்ணே. மேலாகவே வைக்கச் சொன்னாங்க."

"அவங்க எத்தனை தடவ இங்க வந்திருக்காங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"இதக் காட்டினா 'அப்ப உனக்கு லைசென்ஸ் இல்லையா'ன்னு கேப்பான். கேள்விய நாமளே பொட்டலம் கட்டிக் குடுக்கலாமா? கேக்காததக் காட்டாத. என்கிட்டயே இருக்கட்டும். உன்கிட்ட இருந்தா கை குறுகுறுங்கும்" என்று அதை எடுத்துத் தன் ஃபைலுக்குள் செருகிக்கொண்டார்.

வேண்டாம்ணே, குடுத்துடுங்க என்று சொல்ல ரோவெனாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? வயசில் மூத்தவர். அண்ணன் என்று கூப்பிட்டாயிற்று. அவர் கருவாடு இன்னும் நாக்கில் இருக்கிறது. அவள் ஊரில் பெரியவர்கள் முகத்துக்கு நேரே 'முடியாது' என்பது கன்னத்தில் அறைகிற மாதிரி. அதைச் சொல்லிவிட்டு நிற்கிற கூச்சத்துக்கு, விசா இல்லாமல் திரும்புவதே மேல் என்று அந்த ஒரு நிமிஷத்துக்குத் தோன்றிவிடும். புருவத்தைத் தூக்கி 'சரி' என்றாள்.

பதினொன்றேகாலுக்கு அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் ஜன்னல். அதே நேரத்தில் பித்யோங் அண்ணனுக்கு ஒன்றாம் ஜன்னல், அவர் சொன்ன அதே சிடுமூஞ்சி.

இரண்டாம் ஜன்னல் அம்மாள் காகிதங்களைப் பணம் எண்ணுகிற வேகத்தில் தள்ளினாள். நின்றாள்.

"ஆசிரியர் மன்றக் கடிதம் இருக்கா?"

ரோவெனா பழக்கதோஷத்தில் புருவத்தைத் தூக்கினாள். அவள் ஊரில் அதற்கு 'இருக்கிறது' என்று அர்த்தம்.

"இருக்கா, இல்லையா?"

இன்னும் உயரமாகத் தூக்கினாள். உதட்டைக் குவித்து ஒன்றாம் ஜன்னல் பக்கம் நீட்டியும் காட்டினாள். அவள் ஊரில் திசை காட்டுவது விரலால் அல்ல, உதட்டால்.

"ஏம்மா, நான் ஒண்ணு கேட்டா மூஞ்சிய ஏன் கோணிக்கிறே?"

"இருக்குங்க! அவர்கிட்ட இருக்கு."

"உன் கடிதம் அவர்கிட்ட எதுக்கு? அவர் யாரு?"

"அண்ணன்."

"கூடப் பொறந்தவரா?"

"இல்லீங்க."

"சொந்தமா?"

"இல்லீங்க. நேத்து சாயங்காலம் வேன்ல பாத்தேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "பதினொன்றரைக்கு மூடிடுவோம். அதுக்குள்ள கொண்டா. இல்லாட்டி நாளைக்கு வா" என்றாள். நாளைக்குக் கொடுத்தால் விசா திங்கள். திங்கள் என்றால் இலோயிலோவுக்கு விமானம், மகளிடம் பதில். ரோவெனா ஒன்றாம் ஜன்னலுக்கு ஓடினாள்.

அங்கே அண்ணனுக்கே அண்ணாவி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் பாஸ்போர்ட்டை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"விசா ஒட்ட ஒரு முழுப் பக்கம் வேணும். இதுல இல்ல."

"இருக்கும் சார், நல்லாப் பாருங்க. நான் பதினொரு தடவ..."

"தெரியுது. பதினொரு தடவையும் பக்கம் பக்கமாத் தெரியுது."

அண்ணன் பாஸ்போர்ட்டை வாங்கித் தானே புரட்டினார். பக்கத்துக்கு ஒன்று. நட்டநடுவில். ராஜா வீட்டுச் சுவர். கடைசியில், இன்று காலை பாலத்தில் குத்திய லாவோஸ் முத்திரை, மை பளபளக்க, தன்னந்தனியாக.

"இதுல ஒட்டலாமே சார்! ஒரே ஒரு முத்திரைதானே!"

"ஓரத்துல இருந்தா ஒட்டியிருக்கலாம்" என்றார் அவர். "நடுவுல குத்தச் சொல்லி யாரு சொன்னது?"

அண்ணனின் கை தானாகப் பன்னிரண்டு பையையும் தடவிப் பார்த்தது.

"அண்ணே, என் கடிதம்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள் ரோவெனா. அவர் காதில் விழவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, தயவுசெஞ்சு..." சுவரில் மணி பதினொன்று இருபத்தாறு. மரியாதை, கூச்சம், கருவாடு எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"யோவ் அண்ணே! குடுய்யா!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கையிலிருந்து ஃபைலைப் பிடுங்கி பெஞ்சில் கவிழ்த்தாள். கொட்டியது அவள் கடிதம் மட்டுமா? ஒருவனின் கல்யாணப் பத்திரம், ஒருத்தியின் போலீஸ் சான்று, கிறிஸ்பினின் மருத்துவச் சான்று, இன்னும் நாலைந்து பேர் 'கேக்காததக் காட்டாம' இருக்கக் கொடுத்துவைத்தது எல்லாம் வந்து விழுந்தது.

"அடப்பாவி மனுஷா, என்னுதையும் எப்பய்யா எடுத்தே?" என்று பாய்ந்தான் கிறிஸ்பின். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆளாளுக்கு விழுந்து பொறுக்கினார்கள்.

ரோவெனா தன்னுடையதைக் கண்டுபிடித்தாள். மூலையில் கருவாட்டு எண்ணெய்க் கைரேகை ஒன்று. பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடி ஜன்னலில் நீட்டினாள். அந்த அம்மாள் முகர்ந்து பார்த்தாள், ஒரு மாதிரி பார்த்தாள், ரசீது கிழித்தாள். "நாளைக்கு ரெண்டு மணி." ரோவெனா அழுதே விட்டாள்.

வெளியே மரத்தடியில் பித்யோங் அண்ணன் உட்கார்ந்திருந்தார். புதுப் பாஸ்போர்ட் மணிலாவிலிருந்து வரவேண்டும். அது வருவதற்குள் அயுத்தயாவில் கணக்கு வாத்தியார் மாறியிருப்பார். அவள் அருகில் போனாள். கோபம் இருந்தது, அதைவிடப் பாவமாகவும் இருந்தது. அவர் பக்கத்தில் கிடந்த, சோறு மிச்சமிருந்த டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "உனக்குப் பாலத்துல எங்க குத்தினான்?" என்றார்.

"ஓரத்துலண்ணே."

"ம்" என்றார்.

மறுநாள் இரண்டு மணிக்கு விசாவோடு வெளியே வந்தவள் வாசலில் அப்படியே நின்றாள். புது வேன் ஒன்று வந்திருந்தது. அதைச் சுற்றிக் கூட்டம். நடுவில் பன்னிரண்டு பைச் சட்டை.

"முதல்ல பக்கத்த எண்ணுங்க! பாலத்துல அவன் எங்க குத்தறான்னு பாருங்க. ஓரமா குத்தச் சொல்லணும், ஓரமா! இதெல்லாம் யாரும் சொல்லித்தர மாட்டாங்க. நேத்துகூட ஒருத்தன் நடுப்பக்கத்துல குத்திட்டு வந்து நின்னான், பாவம், அழுதுகிட்டே போனான்."

"நீங்க எத்தனை தடவண்ணே வந்திருக்கீங்க?" என்றது ஒரு பயந்த குரல்.

"பதினொண்ணு" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ரோவெனா திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அதே வேன், அதே பாலம். பக்கத்து இருக்கையில் ஒரு புதுப்பெண் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோவெனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபமாலையைக்கூட ஒரு சுற்று உருட்டினாள். பாலம் கண்ணில் பட்டதும் அவளால் முடியவில்லை.

"தப்பா நினைச்சுக்காத தங்கச்சி. அந்தக் கடிதத்த மேல வச்சிருக்கியா, அடியில வச்சிருக்கியா?"

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். பித்யோங் அண்ணன் அந்தக் கடிதத்தை உருவியபோது, இங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அடியே, குடுத்துடாதடி!" என்று அவளுக்குப் புத்தி சொன்னீர்களே, உங்களை யார் கேட்டது?