மாப்பிள்ளை தோய்த்த ஷெர்வானி

வாளித் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

ரஷீது முதலில் தன் கையைத்தான் பார்த்தான். வெட்டு இல்லை, கீறல் இல்லை. பத்து விரலும் பத்திரமாக இருந்தன. அதற்கப்புறம்தான் வாளியைப் பார்த்தான். பால் நிறத்தில் உள்ளே போன ஷெர்வானி ரோஜாப்பூ நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"தாஹிரா, கொஞ்சம் இங்க வந்து பாரேன்."

கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத அவன் மனைவி வாசற்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"அதத்தான் நானும் உன்னக் கேக்கறேன்."

"என்னக் கேக்காதீங்க. கிட்டயே வர மாட்டேன். மாமு கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

மாமு என்றால் ஹபீபுல்லா மாமு, தாஹிராவின் தாய்மாமன். ராயபுரத்தில் கப்பல்களுக்குக் கயிறு விற்கிறவர். அந்த வட்டாரத்தில் அவருடைய ஷெர்வானியைப் போடாமல் எந்த மாப்பிள்ளையும் நிக்காஹ் செய்துகொண்டதில்லை. வெளியே பால் நிறக் கம்பளி, உள்ளே சிவப்புப் பட்டு, காலருக்குள் விறைப்புக்காக முரட்டுப் பருத்தி. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த உருப்படி. இரவல் கொடுக்க மாமு காசு கேட்க மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கல்யாணப் பந்தலிலேயே ரஷீதின் காதில் போட்டிருந்தார்.

"போட்டுகினவன் கையாலதான் தோச்சிக் குடுக்கணும் மாப்ளே. சலவைக்குப் போடக்கூடாது, பொண்டாட்டி கையிலயும் குடுக்கக்கூடாது. அது எங்க வூட்டுப் பழக்கம். எரவல் கோட்டைப் பத்திரமாப் பாத்துக்கிறவன் என் மருமவளையும் பத்திரமாப் பாத்துப்பான். வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சதும் கோட்டைக் குட்துட்டு எங்க வூட்டு மாடி ரூம்பு சாவிய வாங்கிக்கோ."

மாடி ரூம்பு. அந்த இரண்டு வார்த்தைக்காக ரஷீது கம்பளியை என்ன, யானையைக்கூடத் துவைத்திருப்பான். அவன் வீடு ஒரே அறை. அதில் பதினொரு பேர். புது ஜோடிக்கென்று ஒரு மூலையில் பழைய போர்வையைக் குறுக்கே கட்டிவிட்டிருந்தார்கள். போர்வைக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் இருவரும் மூச்சு விடுவதை நிறுத்திவிடுவார்கள். இத்தனை நாளில் அவனும் அவளும் முழுதாகப் பேசி முடித்த வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது.

இன்று செவ்வாய்க்கிழமை. வீட்டு ஜனம் மொத்தமும் தண்டையார்பேட்டைக்கு விருந்துக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவன் வாளியை எடுத்து வைத்தான். துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவன் வேலை. அவன் கையை உயர்த்தினால் மூன்று டன் இரும்பு உயரும், தாழ்த்தினால் இறங்கும். அந்தக் கையை வாளிக்குள் விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பூவம்மா மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு முற்றத்துக்குள் வந்தாள்.

"இன்னா நைனா, மீனு கழுவுறியா?"

"கோட்டு தோய்க்கிறேன்க்கா. தண்ணி இப்படி ஆயிடுச்சு."

பூவம்மா ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்தாள். "பட்டு சாயம் வுடுது. இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிகினு கீற? உப்பு போட்டா சாயம் நின்னுடும். எங்க வூட்டுக்காரரு வலைக்கு சாயம் போட்டா கடல் தண்ணிலதான் முக்கி எடுப்பாரு. அப்பால எத்தினி வருசமானாலும் போவாது."

சொன்னதோடு நிற்காமல், கருவாடு போட வைத்திருந்த கல் உப்பை இரண்டு கை நிறைய அள்ளி வந்து வாளியில் கொட்டினாள். ரஷீது கிளறினான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவப்பது நின்றது. பூவம்மா சொன்னது சத்தியம். சாயம் நின்றுவிட்டது. ஆனால் அது நின்ற இடம் கம்பளி. தூக்கிப் பார்த்தால் ரோஜா நிறம் இன்னும் அழுத்தமாக, கல்லில் வெட்டினமாதிரி இருந்தது. கூடவே கருவாட்டு வாசனை.

"அக்கா, இது போவாதா?"

"போவாதுன்னுதானே சொன்னேன்," என்றாள் பூவம்மா பெருமையாக.

எதிர்ப் போர்ஷன் சிலுவையம்மாளுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. அவள் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் ஆயா. துணி விஷயத்தில் இந்த முற்றத்தில் தனக்கு மேல் யாரும் இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

"உப்பைப் போடச் சொன்னது யாரு? பூவம்மாவா? அதுக்குக் கருவாட்டைத் தவிர வேற இன்னா தெரியும்?" என்றாள். "நல்லா கொதிக்கிற வெந்நீரு, அதுல ரெண்டு பிடி சலவை சோடா. அரைமணி ஊறட்டும். துரை வூட்ல மை கொட்டினாக்கூட எனக்கு அதான் வைத்தியம்."

ரஷீது அடுப்பை மூட்டினான். சோடா கரைந்தது. ஷெர்வானி ஆவிக்குள் மூழ்கியது. அரைமணி கழித்துக் குச்சியால் தூக்கினான். சிலுவையம்மாள் சொன்னதும் சத்தியம்தான். கருவாட்டு வாசனை போய்விட்டது. சிவப்பும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் வாளிக்குள் போன ஷெர்வானியைவிட வெளியே வந்தது சின்னதாக இருந்தது.

"இது இன்னாது?" என்றாள் சிலுவையம்மாள்.

"ஷெர்வானி."

"துணி இன்னா துணின்னு கேக்கறேன்."

"கம்பளி."

"கம்பளியா? கம்பளிய யாராவது வெந்நீர்ல போடுவாங்களா?"

"நீங்கதானேம்மா வெந்நீர் சொன்னீங்க."

"வெந்நீர்தான் சொன்னேன். கம்பளின்னு நீ சொன்னியா?" என்று கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரஷீது ஷெர்வானியைக் கொடியில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தான். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கம்பளி மட்டும் சுருங்கி, சின்னப் பள்ளிக்கூடப் பையனுக்குச் சரியாக இருக்கும் அளவுக்கு வந்திருந்தது. பட்டு சுருங்கவே இல்லை. அதனால் கீழ்ப்பக்கம் ஒரு முழம் சிவப்புத் துணி, மூச்சு வாங்கும் நாயின் நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. காலரில் இருந்த பருத்தியும் சுருங்கவில்லை. அது பழைய அளவிலேயே, உள்ளே கழுத்து இல்லாத கழுத்துப்பட்டையாக நின்றது. குளிர்ந்த தண்ணீரில் பட்டு கெட்டது, உப்பில் கம்பளி கெட்டது, வெந்நீரில் பருத்தி மட்டும் சௌக்கியமாக இருந்தது. ஒரே சட்டைக்குள் மூன்று சண்டைக்காரர்கள் குடித்தனம் செய்துகொண்டிருந்தார்கள்.

"மாமுகிட்ட போய் உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க," என்றாள் தாஹிரா.

"சொன்னா?"

இருவரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் கட்டியிருந்த போர்வையைப் பார்த்தார்கள்.

"சரி, இஸ்துப் பாக்கலாம்," என்றாள் அவள். "இஸ்துப் பாக்கறது தோய்க்கிறதுல சேராது."

அவன் காலரைப் பிடித்துக்கொண்டான், அவள் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தார்கள். உடம்புப் பகுதி ஒரு நூல்கூட அசையவில்லை. சரி, கைகளையாவது பார்ப்போம் என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். தாஹிரா பிடித்த கை அப்படியே இருந்தது. ரஷீது பிடித்த கை, துறைமுகத்துக்காரன் கை பட்டதும், சொன்ன பேச்சைக் கேட்டு நீண்டுகொண்டே போய் முழங்கால் உயரத்துக்கு வந்தது.

"போதும், நிறுத்துங்க," என்றாள் தாஹிரா.

"இன்னும் தேய்க்கல இல்ல? தேச்சா எல்லாம் ஒரு சமத்துக்கு வந்துடும்."

"பட்டுக்குச் சூடு ஆகாதுங்க."

"காலருக்குச் சூடு இல்லன்னா நிக்காது."

இரண்டும் உண்மை. அதனால் எதைச் செய்வது என்று தெரியாமல் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கடைசியில் காலரில் இருந்து ஆரம்பித்தான். காலர் அழகாக வந்தது. அந்தத் தைரியத்தில் மார்புப் பக்கம் வந்தபோது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. சிலுவையம்மாள் தலையை நீட்டி, "கம்பளிய ஈரத் துணி போட்டுத் தேய்க்கணும்," என்றாள்.

ரஷீது திரும்பி, "எந்தத் துணி?" என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் முடி கருகும் வாடை வந்தது. பெட்டியைத் தூக்கினான். மார்பில், இதயம் இருக்க வேண்டிய இடத்தில், இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக முற்றத்துத் தரை தெரிந்தது.

அன்று இருட்டுவதற்குள் அவன் ஷெர்வானியைத் திணித்த கோணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கல்மண்டபம் பக்கம் இருந்த பஷீர் டெய்லர் கடைக்குச் சைக்கிளில் போய்ச் சேர்ந்தான். என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்ததில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. பஷீர் ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. பைக்குள் இருந்ததை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"சோடாவா, வெந்நீரா?"

"ரெண்டும்."

"ம்."

"இதே மாதிரி ஒண்ணு தச்சித் தர முடியுமா பாய்? இதே கம்பளி, இதே பட்டு. வெள்ளிக்கெழம காலைல வேணும்."

"பத்து மணிக்கு வா."

முடியாது என்பார், கம்பளி கிடைக்காது என்பார், மூன்று நாள் போதாது என்பார் என்று எதிர்பார்த்து வந்தவன் ரஷீது. மனிதர் யாருடைய கோட்டு என்றுகூடக் கேட்கவில்லையே என்று குழம்பினான். ஆனாலும் கேட்காத ஆளிடம் போய்ச் சொல்வானேன் என்று வாயை மூடிக்கொண்டான். கூலிக்கும் துணிக்கும் ஈடாகச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தது. ரஷீது கையில் பஷீர் தைத்துக் கொடுத்த ஷெர்வானி, தாஹிரா கையில் சுருட்டிய பாய். மாமு தன் வீட்டு முன்கூடத்தில் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷெர்வானியைப் புரட்டினார். கம்பளியைத் தடவினார். பட்டைத் தடவினார். காலரைச் சுண்டிப் பார்த்தார். மாமு துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தாஹிரா பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"நீயே தோச்சியா?"

"நானேதான் மாமு." அதில் பொய் ஒன்றும் இல்லை.

"இவ கை வைக்கல இல்ல?"

"இல்ல மாமு."

"சரக்குன்னா இது மாப்ளே," என்றார் மாமு. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பனித்திருந்தது. "இருவது வருசம். என் நிக்காஹுக்கு வாங்கினது. எத்தினி பேரு போட்டான், எத்தினி பேரு தோச்சான். இன்னமும் நேத்து தச்ச மாதிரி கீது பாரு. இப்பல்லாம் இந்த மாதிரி கம்பளி யாரு நெய்யிறான்?"

"யாரும் நெய்யிறதில்ல மாமு."

மாமு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, அதைத் தன் இரண்டு கையாலும் மூடினார். பிறகு சாப்பாட்டுக்குக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

ரஷீதுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாஹிரா பாயோடு முன்னால் ஏற, அவன் சாவியோடு பின்னால் ஏறினான். மூன்று படிகூட ஏறியிருக்க மாட்டான். கீழே, ஷெர்வானியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த மாமுவின் மனைவி காத்தூன் பீவி தலையைத் தூக்காமலே மெதுவான குரலில் சொன்னாள்:

"இந்த தபா பஷீரு கோட்டுக் கையை ஒரு வெரக்கடை நீட்டிட்டான் ரஷீது, இதுக்கு முன்ன ஏழு மாப்ளைங்க அவன்கிட்ட தச்சிக் கொண்டாந்ததெல்லாம் கரீக்டா இருந்துச்சு."