தலைவர் வரும் நாளில் காணாமல் போன விதை

திரையில் ‘விதை’யைக் காணோம்.

மரியராஜ் எல், எஸ் என்ற இரண்டு எழுத்துகளை மறுபடியும் தட்டினார். தட்டினால் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்களை வரிசையாகக் காட்ட வேண்டும். ‘உரம்’ வந்தது. ‘உறுப்பினர்’ வந்தது. ‘விதை’ வரவில்லை.

"கண்ணாடியத் தொடைச்சுட்டுப் பாருங்கண்ணே," என்றான் டைப்பிஸ்ட் விருமாண்டி.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. ஃபைலுதான் இல்ல."

மதுரை தல்லாகுளத்தில் விதையும் உரமும் விற்கும் கூட்டுறவுச் சங்கம் அது. எண்பத்தெட்டில் அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். தலைமை எழுத்தர் மரியராஜ் மட்டும் கையைத் தூக்கினார். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போதுகூட கமாண்டைப் பற்றித்தான் பேசினார்.

சொல்லிக்கொடுக்க வந்த இன்ஜினியர், "யார் யார் உள்ள வேலை பாக்குறாங்கன்னு காட்டவும் ஒரு கமாண்ட் இருக்கு சார்," என்றபோது மரியராஜ் சிரித்துவிட்டார்.

"அது எதுக்கு தம்பி? இந்த ஆபீசுல என்னை விட்டா வேற யாருக்கு இது தெரியும்? மேல சொல்லுங்க."

இன்று மாலை சங்கத் தலைவர் வருகிறார். அவர் முன்னால் மரியராஜ் விதை இருப்பைத் திரையில் காட்டி, அச்சடித்தும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கம்ப்யூட்டர் பிரிவின் கண்காணிப்பாளர். கொடுக்காவிட்டால் கொட்டாம்பட்டியில் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மாற்றல். மனைவி சகாயமேரிக்கு மதுரையில் மிஷன் பள்ளி வேலை, மகளுக்குப் பிளஸ் டூ. கொட்டாம்பட்டி என்றால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு.

தலைவர் வரும் நாளுக்கென்று அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேலாளர் அழகுமலை காலையிலேயே கூடத்தின் நடுவில் நின்று முழங்கினார்: "ஒரு ஃபைலு கண்ணுல படக்கூடாது!" உடனே அட்டெண்டர் இருளாயி ஃபைல் கட்டுகளை இழுத்துக்கொண்டுபோய்ப் பின்கொட்டகையில் உரமூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கத் தொடங்கினாள். தலைவர் வெறும் மேசைகளைப் பார்ப்பார். வேலை எதுவும் பாக்கியில்லை என்று பாராட்டுவார். மறுநாள் கட்டுகள் யூரியா வாசனையோடு திரும்பி வரும்.

அழகுமலை கம்ப்யூட்டரைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அது கிளார்க் வேலை என்பார். ஆனால் கிளார்க் மேசையில் இருக்கும் பெட்டி மேலாளர் அறையில் இல்லையென்றால் மரியாதை என்னாவது? சண்டை போட்டு, அதே கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்த இன்னொரு பெட்டியை வரவழைத்தார். எல்லா அதிகாரமும் உள்ள ரகசியச் சொல்லையும், கமாண்டுகள் எழுதிய ஒரு தாளையும் இன்ஜினியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு பெட்டியின் மேல் பூவேலை செய்த துணியை விரித்து மூடினார்.

மரியராஜ் ஃபிளாப்பியில் வைத்திருந்த நகலை உள்ளே ஏற்றினார். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னண்ணே, பேசாம இருக்கு?"

"பேசாம இருந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"நம்ம ஆபீசுல பேசாம இருந்தா இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னுல்ல அர்த்தம்!"

‘விதை’ வந்திருந்தது. மரியராஜ் நிம்மதியாக டீ குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல், எஸ் தட்டினார். விதையைக் காணோம்.

எதையும் மூன்று பிரதி எடுப்பது கூட்டுறவுத் துறையின் ரத்தத்தில் ஊறியது. மரியராஜ் மூன்று பெயர்களில் மூன்று நகல் போட்டார். கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார். அவர் முகமும் சரியில்லை.

"என்னய்யா, எல்லாம் தயாரா?"

"தயார் சார்."

"தயாருன்னா வேர்வை ஏன் இம்புட்டு ஊத்துது?"

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் மூன்று நகல்களும் போயின. கூடவே உரமும் உறுப்பினர்களும் போனார்கள்.

மரியராஜ் மெதுவாகத் திரும்பினார். "விருமாண்டி, உண்மையச் சொல்லு. நீ தொட்டியா?"

"நானா? ஏண்ணே, அதைத் தொட்டா ஷாக் அடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க!"

மரியராஜ் நம்பவில்லை. அவனை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டார். தாழிட்ட அறைக்குள்ளும் ஃபைல் மறைந்தது.

விருமாண்டி ஜன்னல் கம்பி வழியாக ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினான். "பாண்டி கோயில் பழம்ணே. பெட்டி மேல வைங்க."

"நான் வேதக்காரன்டா."

"பெட்டி எந்த வேதம்னு யாருக்குத் தெரியும்?"

மரியராஜ் பெட்டியின் ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா படத்தைச் சாய்த்து வைத்தார். யோசித்தார். மறுபக்கம் பழத்தையும் வைத்தார். பிறகு விதையை ஏற்றினார். அது மறைந்தது.

இனி ஒரே வழிதான். ஏற்றிய கையோடு அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும். மரியராஜ் தாழைத் திறந்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார். மேலாளர் அறை வாசலில் இருந்த பிரிண்டர் கதறிக்கொண்டு ஓடியது. நிலக்கடலை வந்தது. எள் வந்தது. துவரை பாதியில் நின்றது. அச்சு வேலையை நடத்தும் சர்வீஸையே யாரோ நிறுத்தியிருந்தார்கள். மரியராஜ் அதை ஓட்டினார், அது நின்றது. மறுபடி ஓட்டினார், மறுபடி நின்றது. பாதித் துவரையோடு காகிதங்கள் தரையில் குவிந்தன.

மேலாளர் வெளியே பாய்ந்து வந்தார்.

"ஆபீசா இது, ரைஸ் மில்லா? என்னய்யா பண்றே?"

மரியராஜ் குனிந்து காகிதங்களை அள்ளினார். "தப்பு என்னோடதுதான் சார். எனக்கு இந்த மிஷின் பிடிபடல."

"அப்பவே நெனச்சேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரி கையத் தூக்கினேல்ல? இப்ப மூட்டையத் தூக்கிக் கொட்டாம்பட்டிக்குப் போ! கத்துக்கிட்டதுக்கு ஒரு லட்சணம் வேணாம்?"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. மரியராஜ் மாதா படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சகாயமேரியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். தெருமுனையில் தலைவரின் ஜீப் ஹாரன் கேட்டது.

மேலாளர் அறையிலிருந்து இருளாயி வெளியே வந்தாள். பூவேலை செய்த துணி மடிப்புக் கலையாமல் அவள் தோளில் கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மரியராஜின் காதருகே குனிந்தாள்.

"சார், யாருக்கும் தெரியாம உங்ககிட்ட மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாரு. விதைன்னு ஏதோ ஒரு ஃபைலாம். காலையிலேருந்து அவரும் அவரு பெட்டியில அழிச்சு அழிச்சுப் பாக்குறாரு, அழிக்க அழிக்க அது திரும்பத் திரும்ப வருதாம். தலைவர் படியேறுறதுக்குள்ள அதை அடியோட ஒழிக்க என்ன தட்டணும்?"