உறை பிரிக்காத பூப்பந்து மட்டை

என் வாயில் ஒரு ரகசியமும் தங்காது. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு காலத்தில் மூன்று பேருக்கு ரகசியம் காக்கப் பாடம் எடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். (மீன் கறி வாசனையில் பாதி வகுப்பு பசியிலேயே கழியும்.) எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் ராணுவ அலுவலகம் ஒன்றில், சீருடை போடாத கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என் மாணவர்களில் கெட்டிக்காரர்களான வசந்தி, காதர், கணேசன் மூவரையும் விண்ணப்பிக்கச் சொல்லி, சாயங்காலம் இலவசமாகத் தனி வகுப்பும் வைத்தேன்.

விண்ணப்பத்தின் தலையில் 'சூலிட்' என்று சிவப்பு முத்திரை. ரகசியம் என்று மலாயில் அடிக்கிற வழக்கமான முத்திரைதான். எனக்கோ ஏவுகணையையே கையில் கொடுத்துவிட்ட மாதிரி தலைகால் புரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "ராணுவ வேலைலா இது. கையில வேலை வர்ற வரைக்கும் வீட்டுல கூட மூச்சு விடக் கூடாது" என்றேன்.

மூன்று மாதம் பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். நேர்முகத் தேர்விலும் மூவரும் தேறினார்கள். மிச்சமிருந்தது வீட்டு விசாரணை ஒன்றுதான். (அப்படி ஒன்று உண்டு என்பது வாத்தியாருக்குத் தெரியாது.)

விசாரணை அதிகாரி ஒரே நாளில் மூன்று வீட்டுக்கும் போய், பிள்ளை சாயங்காலம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். வசந்தி பூப்பந்து விளையாடப் போகிறாள் என்றார் அவள் அப்பா. காதர் தன் மாமா கடையில் வெங்காயம் உரிக்கிறான் என்றார்கள் அவன் வீட்டில். கணேசன் தேவார வகுப்பில் இருக்கிறானாம். விண்ணப்பத்திலோ மூவரும் என் வகுப்பு என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, மேல்மாடியில் கொங்சி கெலாப் நடத்துகிறாயா என்று கேட்டார். எங்கள் ஊரில் ரகசியக் கும்பலுக்கு அதுதான் பெயர். பயத்தில் நான் எல்லாவற்றையும் இரண்டே நிமிடத்தில் கொட்டிவிட்டேன். அவர் நம்பவில்லை. பெற்றோர் நேரில் வந்து சொன்னால் ஒழிய மூன்று பேருக்கும் வேலை கிடையாது என்றார். என் பேச்சை நம்பிய பிள்ளைகளின் வேலை போகப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது.

மூன்று வீட்டிலும் போய் உண்மையைச் சொன்னேன். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அடுத்த நாள் காலை மூன்று அப்பாக்களும் என்னோடு ஃபெர்ரி ஏறினார்கள். வசந்தியின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கிளார்க். வழிநெடுக என் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் மடியில் மகளின் பூப்பந்து மட்டை இருந்தது.

அதிகாரியின் மேசைமேல் அதை வைத்து, மலாயில் மெதுவாகச் சொன்னார். "மூணு மாசமா என் பொண்ணு தினமும் இதைத் தூக்கிக்கிட்டுத்தான் போச்சு. பாருங்க, உறை கூடப் பிரிக்கல. நானும் கவனிக்காம இருந்திருக்கேன்."

அதிகாரி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பெத்த அப்பாகிட்டயே மறைச்சவங்க, நம்ம ரகசியத்தையா வெளியே விடப் போறாங்க?" என்று சொல்லி மூன்று கோப்பிலும் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, நல்லவேளை நீ விண்ணப்பிக்கவில்லை என்றார்.

வசந்தி அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். என் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது, இத்தனை வருஷம் அந்தக் கம்ப்யூட்டரில் என்னதான் செய்தாய் என்று ஆசையாகக் கேட்டேன். (பூட்ஸ், போர்வைக் கணக்காகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.)

"பூப்பந்து, சார்" என்றாள்.

பக்கத்தில் நின்ற என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எங்கே போனாய் என்று கேட்டால் வேறு பதிலே கிடையாது. நேற்று ஆயர் ஈத்தாம் பக்கம் போய், டாக்டர் வேண்டாமென்ற இனிப்பை ஒரு கை பார்த்துவிட்டு வந்தேன். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். பூப்பந்து என்றேன்.

"மட்டை எங்கே?" என்றாள்.