சாமிக்கு விட்ட சுழியன்

ஒரு காட்டில் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு நரி இருந்தது. பெயர் தணிகாசலம். பக்கத்துப் பெரிய காட்டில் இருந்த நிதி நிறுவனம் ஒன்று அதைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. நெற்றியில் விபூதி இல்லாமல் தணிகாசலத்தை யாரும் பார்த்ததில்லை.

அதனிடம் கடன் வாங்கிய பிராணிகளுக்கு நிலம் கிடையாது, நகை கிடையாது. அடமானம் வைக்க ரோமம்தான் இருந்தது. அதனால் நரி அவற்றைக் குழுக் குழுவாக ஆலமரத்தடிக்கு அழைத்துப் போகும். அங்கே ஆலடி முனி என்று ஒரு சாமி, கல் ரூபத்தில் இருந்தது. பக்கத்தில் நட்டுவைத்திருந்த அரிவாள் மட்டும் நிஜம். நரி கற்பூரம் கொளுத்தி, "வாங்கின கடனைத் தவணை தவறாமல் கட்டுவோம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம். இது முனி மேல் சத்தியம்" என்று சொல்லவைக்கும். அப்புறம்தான் பணம். ராகுகாலத்தில் கொடுக்காது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் கொடுக்காது. வசூல் மட்டும் எந்த நேரத்திலும் செய்யும். அதற்குச் சாஸ்திரத்தில் தடை இல்லை என்று அதுவே சொல்லிவிட்டது.

முனிக்குப் பயந்து எல்லாரும் கட்டினார்கள்.

செவத்தி என்ற வெள்ளாடும் கட்டிக்கொண்டுதான் இருந்தது. கோழி மங்காவும் கழுதை சிலம்பாயியும் அதன் குழு. செவத்தி அந்தப் பணத்தில் கீரைக்கடை வைத்தது. கடையில் நஷ்டம். சரக்கைத் தின்றது யார் என்று விசாரணை எதுவும் நடக்கவில்லை. கடையில் செவத்தியும் அதன் குட்டி சுழியனும்தான் இருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை நரி வந்தது.

"இந்த வாரம் மட்டும் விட்டுருங்க சார். அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிடறேன்" என்றது செவத்தி.

"போன வாரமும் இதைத்தானம்மா சொன்னே. நான் விட்டுருவேன். மேல உட்கார்ந்திருக்கிறவங்க விடமாட்டாங்க."

"உனக்காக நாங்க ரெண்டு பேரும் கட்டிக் கட்டி ஓஞ்சுட்டோம்டி. அடைக்கு வைக்க ஒரு முட்டை இல்ல என்கிட்ட" என்று மங்கா அழுதது.

நரி சுழியனைப் பார்த்தது. நெற்றியில் சுழியோடு, கொழுகொழுவென்று, கடையில் மிச்சமிருந்த கீரைக்கட்டில் வாயை வைத்திருந்தது குட்டி.

"அடுத்த புதன் வரேன். பணம் இல்லேன்னா இவனைப் பிடிச்சுட்டுப் போறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா."

இதைச் சொன்னபோது நரிக்கு வருத்தமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. வாயோரம் ஈரமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் செவத்தி குட்டியை ஆலமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனது. தலையில் தண்ணீர் ஊற்றியது. குட்டி உதறியது. கிடா உதறினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஊற்றினால் யாராக இருந்தாலும் உதறத்தான் செய்வார்கள் என்றாலும், அர்த்தம் அதுதான்.

"முனியப்பா, இவன் உனக்கு" என்றது செவத்தி. "இன்னைக்கு இல்ல. உன் திருவிழா அன்னைக்கு."

முனிக்குத் திருவிழா நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நடத்தக் காட்டில் யாரிடமும் காசு இல்லை. செவத்தி அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தது. குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டும்போது மட்டும் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது.

புதன்கிழமை வந்த நரி மஞ்சள் துணியைப் பார்த்து நின்றுவிட்டது.

"என்னம்மா இது?"

"சாமிக்கு விட்டாச்சு சார்."

நரி செருப்பைக் கழற்றிப் போட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டது. "இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்று முனகிவிட்டு, குட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று. அதன் பக்தி வேஷம் இல்லை. அதுதான் அதற்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

விஷயம் பரவியது. மங்கா தன் குஞ்சுகளுக்கெல்லாம் மஞ்சள் கட்டியது. பன்றிகள் கட்டிக்கொண்டன. கழுதையை இதுவரை எந்தச் சாமியும் கேட்டதில்லை. ஆனாலும் சிலம்பாயி தன் கழுத்தில் தானே ஒன்று கட்டிக்கொண்டது. முனி மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. வசூல் நின்றது.

நிறுவனத்திலிருந்து கரடி அதிகாரி வந்தது. "கடன் வாங்கினவன் திவாலாகி மஞ்சக் கடுதாசி கொடுத்துப் பார்த்திருக்கேன். மஞ்சத் துணி கட்டி இப்பத்தான்யா பார்க்கிறேன். என்ன தணிகாசலம், வேலையில இருக்கிறதா உத்தேசமா?"

தணிகாசலத்துக்கும் குட்டிகள் இருந்தன. அது ஆலமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தது. பிறகு கரடியிடம் வந்தது.

"சாமிக்கு விட்டதை நாம தொடக்கூடாது சார். ஆனா சாமி தொடலாம். திருவிழா வச்சுடுவோம். செலவு நம்ம நிறுவனத்தோட உபயம். வெட்டினதுக்கு அப்புறம் கறியை ஏலம் விடறது வழக்கம். ஏலப் பணம் கோயிலுக்கு. கோயில் பொறுப்பு நம்மகிட்ட."

"பாவம் வராதே?" என்று கரடி கேட்டது.

"புண்ணியம் சார்."

தை மாதம் திருவிழா என்று கொட்டடித்து அறிவித்தார்கள். சுழியன் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தது.

"அம்மா! எனக்கு மாலையெல்லாம் போடுவாங்களாம். மேளம் வச்சுக் கூட்டிட்டுப் போவாங்களாம்!"

"ஆமாண்டா" என்று சொல்லிவிட்டுச் செவத்தி திரும்பி நின்று புல்லைக் கடித்தது.

அன்று மத்தியானம் செவத்தி தன் கழுத்திலும் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு, எந்த ஆடும் போகாத ஓடையின் மேல்கரைக்குப் போனது. அங்கேதான் சிறுத்தைகள் இருந்தன. அவற்றின் தலைவர் மருதையா பாறைமேல் படுத்திருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். திருவிழாவுல முதல் மாலை மரியாதை கீழ்க்கரைச் செந்நாய்களுக்காமே?"

மருதையா எழுந்து உட்கார்ந்தது. "எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலீங்க. பேசிக்கிட்டாங்க."

அங்கிருந்து கீழ்க்கரைக்குப் போனது. செந்நாய்த் தலைவர் சங்கிலி எலும்பு கடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, முதல் மாலையை மேல்கரைக்கே விட்டுக் கொடுத்துட்டீங்களாமே. பெரிய மனசுண்ணே உங்களுக்கு."

"விட்டுக் கொடுத்தேனா?" என்றது சங்கிலி. எலும்பு கீழே விழுந்தது.

திருவிழாவுக்குக் கம்பம் நட்ட அன்றே அடிதடி. மருதையாவின் காது கிழிந்தது. சங்கிலிக்குப் பல் போயிற்று. தாசில்தார் யானை வந்து சமாதானக் கூட்டம் போட்டது. "முதல் மாலை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல போட்டா என்ன?" என்று கேட்டது. "வலது பக்கம் யாரு நிக்கிறது?" என்று இரண்டு தரப்பும் கேட்டன. யானை பெருமூச்சு விட்டுவிட்டு, விஷயத்தைக் கோர்ட்டுக்கு அனுப்பி உத்தரவு போட்டது. வழக்கு முடியும்வரை திருவிழா கூடாது. சாமிக்கு விட்ட உயிர்கள் இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கவேண்டும், யாரும் தொடக்கூடாது.

செவத்தி குட்டியை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. "மாலை எப்பம்மா?" என்று சுழியன் கேட்டது. "பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்கடா" என்றது.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் சில மாதங்களில் மேல்கரைக்கு வக்கீல் வைக்கக் காசு தீர்ந்தது. கீழ்க்கரைக்கும் சலித்துவிட்டது. மருதையாவும் சங்கிலியும் ஓடைக்கரையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை மங்கா கண்ணால் பார்த்தது. ஓடிவந்து சொன்னது.

"சமாதானமாப் போயிருவாங்க போலிருக்குடி!"

தாய்மார்கள் கூடினார்கள். இரண்டு தரப்புக்கும் வீட்டுக்கு வீடு வரி போட்டு வழக்கு நடத்திக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கையில் யாரிடமும் காசு இல்லை. செவத்திதான் நரியைத் தேடிப் போனது.

"சார், கோயில் வழக்குக்குன்னு கடன் கிடைக்குமா?"

தணிகாசலம் கணக்கு நோட்டைத் திறந்தது. "எந்தத் தரப்புக்கும்மா?"

"ரெண்டுக்கும்தான் சார்."

"பழைய பாக்கி?"

"அதையும் இதோட சேர்த்துக்கங்க."

அந்தக் கடனில் ஒரு தவணைகூடத் தவறவில்லை; தவறினால் வழக்குக்கு அடுத்த பணம் வராது. புதன்கிழமைகளில் நரி பல் விளக்கி முடிப்பதற்குள் செவத்தி வந்து வரிசையில் நின்றது. மழை பெய்தாலும் நின்றது. தான் பட்டினி கிடந்தாவது கட்டியது. தணிகாசலத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சுழியனுக்குக் கொம்பு முளைத்து, தாடி வளர்ந்து, பெரிய கிடாவாயிற்று. வழக்கு நன்றாக நடந்துகொண்டிருக்கிறது.

நீதி: ஏழைக்குக் கடன் கொடுப்பவர், பணம் எதற்கு என்று கேட்கக்கூடாது, எது நடந்துவிடக்கூடாது என்று கேட்கவேண்டும்.