விருந்தாளி வந்தால் அணைந்துபோகும் அடுப்பு

என் ஒரே தங்கையின் ஒரே மகனும், வூஹான் மாநகரில் இருபத்தோராம் மாடியில் மேகங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரனும், மின்னடுப்பு என்ற பெயரில் எனக்கொரு விரோதியைப் பார்சலில் அனுப்பிவைத்தவனுமாகிய மருமகன் மிங்தாவுக்கு, பஞ்சாலைக் குடியிருப்பு நான்காம் கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்து தாய்மாமன் நியே சாங்கெங் எழுதுவது. இங்கே நான் நலம், என் முழங்கால் நலம், மாடிப்படியில் குட்டி போட்ட பூனையும் நலம். அடுப்பு மட்டும் நலமில்லை.

போனில் சொல்ல வேண்டியதற்குக் கடிதம் எதற்கு என்பாய். உன் போனில் குரல் பதிவு அறுபதாவது விநாடியில் அறுந்துவிடுகிறது. தும்மி, தொண்டையைச் செருமி, உன் பெயரைச் சொல்லவே எனக்கு அவ்வளவு ஆகிறது. என் துயரம் நாற்பது வண்டி நிலக்கரி கனமுள்ளது, அதை அறுபது விநாடித் துண்டுகளாக நறுக்க நான் முள்ளங்கி வியாபாரி இல்லை.

வசந்த விழாவுக்கு வந்தபோது, சூப்பை அடுப்பில் மறந்து நான் எழுப்பிய ஒரு சின்னப் புகையைப் பார்த்துவிட்டு (தீயணைப்பு வண்டி வாசல்வரைதான் வந்தது, உள்ளே வரவில்லை என்பதை நினைவில் வை) எரிவாயு சிலிண்டரை உன் கையாலேயே தூக்கிப்போனாய். பதிலுக்கு இந்தக் கறுப்புக் கண்ணாடிப் பலகை வந்தது. நெருப்பில்லாமல் கொதிக்கிறது என்றதும், ஆலையின் கொதிநீர்க் கூடத்தில் இருபத்தொன்பது வருடம் பாய்லரோடு குடித்தனம் நடத்திய எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கொதித்தது. தேநீர் மேசையின் நடுவே வைத்தேன், பொத்தான்கள் என் பக்கம், விருந்தாளி நாற்காலி எதிர்ப்பக்கம். மேலே என் எனாமல் கெட்டில். முன்மாதிரித் தொழிலாளி என்று சிவப்பு எழுத்தில் போட்டு ஆலை கொடுத்ததே, கொக்குக் கழுத்து மாதிரி நீண்ட மூக்கோடு, அதேதான். பத்து நாள் உன்னைப் பாராட்டாத வாய் இந்தக் குடியிருப்பில் இல்லை, ஏனென்றால் மற்ற வாய்களைப் பேச நான் விடவில்லை.

பதினோராம் நாள் ஆலையின் பழைய சங்கச் செயலாளர் வந்தார். மரியாதையாக உட்காரவைத்தேன், சூரியகாந்தி விதையைத் தட்டில் கொட்டினேன், உன் பாட்டனார் அடித்துச் சொல்லிக்கொடுத்தபடி கெட்டிலின் மூக்கு அவர் பக்கம் பார்க்காதவாறு திருப்பிவைத்தேன். விருந்தாளிக்கு மூக்கைக் காட்டுவது எழுந்து வெளியே போ என்று சொல்வதற்குச் சமம் அல்லவா. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிற்று. உடனே கீ கீ என்று பன்றிக்குட்டி மாதிரி ஓர் அலறல், கண்ணாடியில் சிவப்பாக ‘ஈ-3’, அடுப்பு செத்துவிட்டது. செயலாளர் வெறும் விதையைக் கொறித்துவிட்டுப் போனார். போனவர் சும்மா போனாரா, மாஸ்டர் நியே கஞ்சனாகிவிட்டான், தண்ணீரைக்கூட எண்ணித் தருகிறான் என்று ஆறு கட்டடத்துக்கும் ஒலிபரப்பினார். அவர் போன பிறகு நான் தனியாகப் போட்டுப் பார்த்தால் அடுப்பு சமர்த்தாகக் கொதிக்கவைக்கிறது. மறுநாள் சீட்டு விளையாட மூன்று பேர் வந்தார்கள், ஈ-3. மின்கட்டணம் எழுதுகிற பெண் வந்தாள், ஈ-3. ஆள் இல்லையென்றால் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். பிளக்கைப் பிடுங்கி முப்பது எண்ணினேன். சந்தேகத்துக்கு முந்நூறும் எண்ணினேன். கெட்டிலின் அடியைத் துடைத்தேன். அடியில் காற்றுப்போகும் ஓட்டைகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஒரு பூனைக்கு ஸ்வெட்டர் பின்னுமளவு தூசி எடுத்தேன். கையேட்டைப் படித்தேன். எறும்பு முட்டையில் பாதி அளவு எழுத்தில், ஈ-3 என்றால் பொத்தான் பலகைக்குச் சூடு அதிகம், ஆறவிடவும் என்றிருக்கிறது. அடுப்புக்குச் சூடு அதிகமாம். மீனுக்கு ஈரம் அதிகம் என்று புகார் சொல்வதுபோல இருக்கிறது.

கடைசியில் பழுது பார்க்கிற பெய் என்ற பையனிடம் கெட்டிலும் அடுப்புமாகத் தூக்கிப்போனேன். தன் கடையில் ஐந்து முறை கொதிக்கவைத்தான், ஐந்து முறையும் பழுதில்லை. வீட்டுக்கு வந்தான். வீடு தேடி வந்தவன் விருந்தாளிதானே, உட்காரவைத்து, முறைப்படி எல்லாம் செய்தேன், ஈ-3. சுவர்ப் பிளக்கில் கோளாறு என்று எழுந்துபோய் அதைப் புதிதாக மாற்றினான். கெட்டிலில் புதுத் தண்ணீர் பிடித்து, நின்றபடியே போட்டுப் பார்த்தான், அடுப்பு ஒழுங்காக வேலை செய்தது. அவன் வந்து உட்கார்ந்தான், நான் முறைப்படி எல்லாம் செய்தேன், மறுபடி அலறல். பையன் கருவிப்பெட்டியை மூடிக்கொண்டு சொன்னான்:

“பெரியவரே, மெஷின்ல ஒண்ணுமில்ல. அதுக்கு மனுஷாளக் கண்டா கூச்சம்.”

சிரிக்காதே மிங்தா. விஷயம் அடுப்பில் இல்லை. நாளை வியாழன் மூன்று மணிக்கு யின்தி வருகிறாள்.

உனக்கு அவளை நினைவிருக்காது. நூற்புப் பிரிவில் இருந்தவள். மாலை ஐந்துக்குச் சங்கு ஊதினால் நானூறு பேர் எண்ணூறு ஃபிளாஸ்க்கோடு என் குழாய்களின் முன் வரிசையில் நிற்பார்கள். பீங்கான்பூ போட்டது, மீன் போட்டது, கல்யாணச் சிவப்பு, மூடியில் பெயர் கீறியது. எது யாருடையது என்று ஆவிக்குள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குளிர்காலத்தில் அந்த ஆவியில் ஊரே சற்று நேரம் காணாமல்போகும், சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். யின்தி எப்போதும் கடைசியாக வருவாள், முடியெல்லாம் பஞ்சு, இரண்டு கையிலும் மூங்கில் இலை போட்ட பச்சை ஃபிளாஸ்க்குகள். “மாஸ்டர், இன்னைக்கு நிலக்கரியிலயா கொதிச்சுது, இல்ல உங்க பேச்சுலயேவா?” என்பாள். இருபது வருடம் அதே கேள்வி. பதில் ஒன்று நான் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவள் சரக்கு அனுப்பும் பிரிவுக்காரனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன், போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. ஆலையும் போயிற்று. என் பாய்லரை வெட்டி எடுத்துப்போன அன்று லாரியின் பின்னால் சாலைமுனைவரை நடந்தேன். பிறகு வேறு வேலை இல்லாததால் திரும்பி வந்தேன்.

ஞாயிறு அன்று அவள் குவாங்சோவிலுள்ள மகள் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறாள். விடைபெற்றுக்கொள்ள வருகிறாள். ஒரு நாள்கூட என் குழாய் அவளுக்கு வெந்நீர் இல்லை என்று சொன்னதில்லை. நாளை சொல்லிவிடுமோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, இரண்டு கிண்ணம்தான் இறங்குகிறது. ஆகவே இது என் கட்டளை: இந்தப் பலகையைத் திரும்ப எடுத்துக்கொள், என் சிலிண்டரைக் கொண்டுவா. மறுத்தால் முற்றத்தில் பாய்லர் கட்டுவேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பு, உன் மனைவிக்கு ஆசி, உன் மகளின் கன்னத்துக்கு ஒரு கிள்ளு. உன் தலைமுடி கொட்டாமலும் உன் லிஃப்ட் நிற்காமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொதிநீர்க் கூடத்தின் கடைசி அதிபதி,
உன் மாமா நியே சாங்கெங்

பின்குறிப்பு: வியாழன், சாயங்காலம். நல்லவேளை, உறையை ஒட்டவில்லை. மேலே எழுதியதில் என் பெயரையும் ஆசிகளையும் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடு.

மூன்று மணிக்கு வந்தாள். முடி வெளுத்திருந்தது, எனக்குப் பஞ்சு என்றே தோன்றியது. கையில் அதே பச்சை ஃபிளாஸ்க் ஒன்று. உட்காரவைத்தேன், விதை கொட்டினேன், மூக்கைத் திருப்பினேன். ஈ-3. வெட்கத்தில் நான் கையேட்டை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை, கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூக்க ஏன் உங்க பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க? ஆவியெல்லாம் பொத்தான் மேலயே அடிக்குதே.”

“விருந்தாளி பக்கம் காட்டக் கூடாதில்லையா” என்றேன்.

“இருபது வருஷம் உங்க குழாயில தண்ணி புடிச்சவ நான். நானா விருந்தாளி?”

சட்டைக் கையாலேயே பொத்தான்களைத் துடைத்தாள், கெட்டிலைத் திருப்பி மூக்கைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்தாள். ஆறட்டும் என்று காத்திருந்தோம், அழுத்தினோம், கொதித்தது. தனியாக இருக்கும்போது மூக்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை இருபத்தொன்பது வருடம் ஆவியைக் கட்டி மேய்த்தவன் கவனிக்கவில்லை என்பதை நீ உன் மனைவியிடம் சொல்ல வேண்டாம். மூன்று கோப்பை குடித்தாள். “எதுல கொதிச்சுது மாஸ்டர்?” என்று கேட்டாள். அந்தப் பழைய பதிலைச் சொன்னேன். என்னவென்று உனக்கு எழுத மாட்டேன்.

குவாங்சோவுக்குப் போகத்தான் போகிறாள். ஆனால் அந்த ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, ஏப்ரலில் முன்னோர் கல்லறையைக் கும்பிடும் நாளுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன், ஆறவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஏப்ரல்வரை தினமும் நிரப்ப வேண்டும். அதனால் அடுப்பு எனக்கு வேண்டும், தொடாதே.

நீ வரும்போது எதிர் நாற்காலியில் உட்கார். மூக்கு உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்து போ என்று சொல்கிறதாக நினைத்துக்கொள்ளாதே. நீயும் விருந்தாளி இல்லை.