மைத்துனர் லாட்ஜில் ரூம் போட வேண்டிய காரணம்

தென்காசி,
ஜூன் 14.

அன்புள்ள மாப்பிள்ளை இசக்கிதுரைக்கு,

உங்கள் அத்தான் சங்கரபாண்டி எழுதுவது. நானும் உங்கள் அக்காள் உமாராணியும் இங்கே சுகம். சென்னையில் நீங்கள் எல்லோரும் சுகம் என்பது தினமும் விடியும் முன்பே வாட்சப்பில் வந்துவிடும் ரோஜாப்பூப் படத்திலிருந்து தெரிகிறது. இந்தச் செய்தியையும் வாட்சப்பில் அனுப்பியிருக்கலாம். ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு நீங்கள் தப்பித்துவிடுவீர்கள் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

போன ஆடியில் ஐந்தருவி வரிசையில், தலை நிறைய எண்ணெயோடு நின்றுகொண்டு நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அத்தான், முப்பத்தாறு வருசம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்திய. உங்ககிட்ட படிச்சு, இங்கிலீஷ்ல ரெண்டு நிமிசம் பேசுத ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம்." முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் என்னையே பார்த்தார்கள். இடுப்பில் துண்டோடு நின்றபடி, "காட்டினால்?" என்று மட்டும் கேட்டேன். "காட்டிட்டியன்னா அடுத்த சீசனுக்கு எங்க பதினோரு பேரும் உங்க வீட்டுக்கு வரல, லாட்ஜ்ல ரூம் போட்டுக்கிடுதோம்" என்றீர்கள். காட்டிவிட்டேன், மாப்பிள்ளை. ரூம் போடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் மாதம் ஒரு கல்யாணத்துக்குக் குற்றாலம் போய், கல்யாண வீட்டார் ரூம் போட்டிருந்த சுடலைமணி அண்ணாச்சியின் லாட்ஜில் இறங்கியிருந்தோம். மாடிப்படியில் வாளியும் துடைப்பமுமாக ஒரு பெண் வழியை மறித்தாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். "சார், என்னைத் தெரியுதா? ஒம்பதாங் கிளாஸ் முத்துசெல்வி. அரைப்பரீட்சைல இங்கிலீஷ்ல எனக்கு முப்பத்திநாலு போட்டிய" என்றாள். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்தேன். அவள் விடவில்லை. "பன்னெண்டு வருசமா இங்கன ரூம் கூட்டுதேன். மூணு மாடி, லிப்ட் கெடையாது. முட்டி தேஞ்சு போச்சு. கீழ ரிசப்ஷன்ல இருந்த புள்ள கல்யாணமாகிப் போயிட்டா, அந்த நாற்காலி சும்மாதான் கெடக்கு. 'இங்கிலீஷ்ல வார போனைப் பேசி ரூமை நிரப்பிட்டேன்னா நீ உக்காரு, இல்லன்னா சீசனுக்கு முன்ன டிகிரி படிச்ச ஆளைப் போட்டுருவேன்'னு அண்ணாச்சி சொல்லுதாரு. அன்னைக்குக் குடுக்காத அந்த ஒரு மார்க்கை இப்பக் குடுங்க சார்" என்றாள்.

மறுநாள் முதல் வேலை முடிந்து நான்கு மணி பஸ்ஸில் தென்காசிக்கு வந்தாள். நான் வழக்கம்போலத்தான் தொடங்கினேன். டேக், டுக், டேக்கன். டேக் என்றால் எடு. எழுதிக்கொண்டாள். பிறகு டேக் எ பாத், டேக் எ சீட், டேக் எ டேப்லட், டேக் எ பஸ் என்று எழுதிப்போட்டேன். "குளியலை எங்கேருந்து சார் எடுக்க? பஸ்ஸை எடுத்தா டிரைவர் சும்மா இருப்பாரா?" என்று கேட்டாள். மூன்று நாள் இலக்கணத்தில் காரணம் தேடித் தேடிச் சொன்னேன். என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நான்காம் நாள் உங்கள் அக்காளுக்கே பொறுக்கவில்லை. அடுக்களையிலிருந்து, "அவளைக் கொஞ்சம் விடுங்க, டீ போடுதேன், குடிச்சிட்டுப் படிக்கட்டும்" என்றாள். முத்துசெல்வி நிமிர்ந்தாள். "சார், அம்மா டீயை எங்க போடுதாவ?" என்றாள். நான் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினேன். "டீ போடுதோம், கோலம் போடுதோம், பூட்டுப் போடுதோம், சண்டை போடுதோம், ஓட்டுப் போடுதோம், மாத்திரை போடுதோம். நீங்க எனக்கு மார்க்கு போட்டிய. இதெல்லாம் ஏன் போடுதோம்னு எங்க வீட்ல யாரும் காரணம் சொல்லித் தரல. ஜோடியாக் கேட்டேன், ஜோடியா வாயில வருது. உங்க டேக்கையும் ஜோடியாவே குடுத்திருங்க, காரணம் வேண்டாம்."

மாப்பிள்ளை, முப்பத்தாறு வருடமாக நான் வினைச்சொல்லைத் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், குளிக்கப் போகிறவர்களுக்கு வாளி தராமல் செம்பை மட்டும் தருவதைப் போல. மாத்திரையை நாம் போடுகிறோம், இங்கிலீஷ்காரர்கள் எடுக்கிறார்கள். காய்ச்சல் இரண்டு பேருக்கும் விடுகிறது. பஸ்ஸை நாம் பிடிக்கிறோம், அவர்கள் எடுக்கிறார்கள். இரண்டு பேரும் ஊர் போய்ச் சேருகிறோம். இது எனக்கு அறுபத்தேழு வயதில், ஒரு தம்ளர் டீயில் தெரிந்தது.

அன்றே சீட்டு சீட்டாக ஜோடிகளை எழுதினோம். அவள் அவற்றைக் கொண்டுபோய், ஆள் இல்லாத ஏழாம் நம்பர் அறையில் அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டினாள். நாற்காலியில் டேக் எ சீட், குளியலறைக் கதவில் டேக் எ பாத், கட்டிலில் டேக் ரெஸ்ட், தண்ணீர் ஜக்கில் டேக் எ டேப்லட், கண்ணாடியில் டேக் எ போட்டோ, வாசல்படியில் டேக் கேர். கூட்டிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பாளாம். மே கடைசியில் சாரல் முந்திக்கொண்டது. ஒரு சனிக்கிழமை கூட்டம் குவிந்ததில், சீட்டுகளைக் கிழிக்க மறந்து, ஏழாம் நம்பரைப் பெங்களூர்க் குடும்பம் ஒன்றுக்குத் திறந்துவிட்டுவிட்டாள். அவர்கள் அதை லாட்ஜின் சட்டதிட்டம் என்று நினைத்து, ஒவ்வொன்றாக அப்படியே செய்திருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் கண்ணாடி முன் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். சேதி அண்ணாச்சிக்கு எட்டியதும் ஓடிவந்தார். "ஏட்டி, இது லாட்ஜா, பள்ளிக்கூடமா?" என்று முதல் சீட்டைக் கிழிக்கக் கை வைத்தார். அந்தக் குடும்பத்து மருமகள் தடுத்துவிட்டாள். தன் மாமனார் பிரஷர் மாத்திரையை யாரும் சொல்லாமல் நேரத்துக்குப் போட்டது கல்யாணமான பிறகு இன்றைக்குத்தான் என்று அரைகுறைத் தமிழில் சொன்னாளாம். அண்ணாச்சி கையை எடுத்தார். ஆனாலும், "நாளைக்கு வார மொத இங்கிலீஷ் போனை நீ பேசு. ரூம் கைவிட்டுப் போச்சுன்னா அதோட இந்தப் பேச்சை விட்டுரணும்" என்று சொல்லிவிட்டார். கூட இருந்து கேட்க வரச்சொல்லி எனக்கும் ஆள் விட்டார்.

விடிந்தால் மெயினருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. பதினொரு மணிக்குப் புனேயிலிருந்து போன். நான்கு அறை பிடித்து வைத்தவர், தடைச் செய்தியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ரத்து செய்யக் கூப்பிடுகிறார். நாற்காலி பக்கத்தில் இருந்தும் முத்துசெல்வி உட்காரவில்லை. நின்றபடி பேசினாள். "எஸ் சார். டுடே நோ பாத் சார். டேக் த ரூம். டேக் ரெஸ்ட். டேக் போட்டோ, ஃபால்ஸ் வெரி பிக், வெரி வொயிட். டுமாரோ போலீஸ் விட்டுட்டாங்கன்னா டேக் பாத். சில்ரன் கமிங்கா சார்? டேக் ஸ்வெட்டர். டேக் யுவர் டைம் சார், டேக் கேர்." நடுவில் விழுந்த தமிழும் அவருக்குப் புரிந்திருக்கிறது. என் கடிகாரப்படி இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. நான்கு அறையும் ரத்தாகவில்லை. ஒரு நாள் கூடுதலாகவும் தங்குகிறார்கள்.

அண்ணாச்சி தோள்துண்டால் அந்த நாற்காலியைத் துடைத்தார். இழுத்துப் போட்டார். "டேக் எ சீட்" என்றார். ஏழாம் நம்பரில் படித்ததுதான்.

முத்துசெல்வி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு ரிசல்ட் வந்த வருடம்கூட நான் அப்படி நிமிர்ந்து வீட்டுக்கு நடந்ததில்லை. இனி ஐந்தருவி வரிசையில் நீங்கள் எந்தக் கேள்வியையும் சத்தமாகவே கேட்கலாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று காசி விசுவநாதர் சந்நிதியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயித்த அத்தான்,
சங்கரபாண்டி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன், உங்களுக்கு நான்கு அறை சொல்லி வைக்கலாம் என்று முத்துசெல்விக்குப் போன் செய்தேன். "ஆவணி வரைக்கும் ஒரு ரூம் கெடையாது சார். வார போனையெல்லாம் நான் விடாமப் பேசி நிரப்பிட்டேன்லா. பக்கத்து லாட்ஜ்லயும் கேட்டுட்டேன், அங்கயும் இல்ல" என்றாள். உங்கள் அக்காள் இதைக் கேட்டுவிட்டு ஏற்கெனவே பாயை வெயிலில் போட்டுவிட்டாள். ஆகையால் பதினோரு பேரும் வழக்கம்போல நம் வீட்டுக்கே வந்துவிடுங்கள். போர்வை மட்டும் கொண்டுவரவும். ரயிலில் சும்மா உட்கார்ந்து வராமல், ஒரு தாளில் 'போடு' என்று எழுதி, அதோடு ஜோடி சேரும் சொற்களை எத்தனை வருகிறதோ அத்தனையும் எழுதிப் பாருங்கள்.